கொன்றைக்கு வெட்டிய குழி

வெட்டி வைத்த குழியை மறுநாள் காலையில் அளந்து பார்த்திருக்கிறீர்களா?

கல்யாணசுந்தரியும் அளக்க நினைத்தவள் இல்லை. வாசலில் ஒரு கொன்றை நிற்க வேண்டும் என்பது அவள் கணவன் வேல்பாண்டியின் ஆசை. மூன்று வருடம் கழித்து, குவைத்திலிருந்து சித்திரையில் வருகிறான். கோட்டையூருக்கு வெளியே பிளாட் போட்ட இடத்தில் அவர்கள் வீடு மட்டும்தான் கட்டி முடிந்திருந்தது. சுற்றிலும் எல்லைக் கற்கள். பால்காரரிடம் இரண்டு வார்த்தை, போனில் அவனோடு பத்து நிமிடம், அதுதான் அவளுடைய ஒரு நாள் பேச்சு.

கன்று முழங்கால் உயரம். பூக்க நாலைந்து வருடமாகும், மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி ஒரு வாரம் வெயிலில் ஆறவிட்டு நடுங்கள் என்று நர்சரியில் சொல்லி அனுப்பினார்கள். மண்வேலை செய்யும் பெத்தன் வந்து வெட்டிக் கொடுத்தார். கூலியை வாங்கிக்கொண்டு குழியைத் திரும்பிப் பார்த்தார்.

"வெறுங்குழியா விடாதீக தாயி. பொழுது சாயுமுன்ன ஒரு இரும்பாச்சும் உள்ள போட்டு வைங்க."

"ஏன், குழி எந்திரிச்சு ஓடிருமா?"

அவர் சிரிக்கவில்லை. "அது ஓடாது" என்றார்.

அன்று சாயங்காலம் அவன் போன் வந்தது. இரும்பை அவள் மறந்துவிட்டாள்.

காலையில் வாசல் பெருக்கும்போது குழியின் விளிம்பு வாசற்படிக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருப்பதுபோலத் தோன்றியது. கொத்தனார் விட்டுப்போன டேப் அடுக்களையில் கிடந்தது. கணவன் குவைத் போகுமுன், சமையல் மேடை கட்டும்போது அதை வைத்துத்தான் அவளை அளந்தார்கள். ஐந்தடி ஒரு அங்குலம். அவனும் விளையாட்டாகப் பக்கத்தில் நின்று அளந்துகொண்டான், ஐந்தடி ஒன்பது. அன்றிலிருந்து அவளுக்கு அரை டிக்கெட் என்று பெயர்.

குழி நீளம் நாலடி. அகலம் இரண்டாகச் சுருங்கியிருந்தது.

அரிவாளை உள்ளே போட்டாள். மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி நின்று, வெயிலில் தகரக் கொட்டகை முறுகும் சத்தமும் அடங்கி, வீடு முழுக்க ஒரு வெறுமை இறங்கியபோது, வாசல் பக்கமிருந்து அடிப்பிடித்த சட்டியை நகத்தால் சுரண்டுவதுபோல மெல்லிய ஒலி விட்டு விட்டுக் கேட்டது. தை முடிந்து ஒரு தூறல் இல்லை. ஆனாலும் ஜன்னல் வழியே நனைந்த செம்மண் வாடை வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். வாடை உள்ளேயே இருந்தது.

மூன்றாம் நாள் ஐந்தடி. பெத்தனுக்கு போன் போட்டாள். சிங்கம்புணரிப் பக்கம் வேலைக்குப் போயிருப்பதாக அவர் மனைவி சொன்னார். அவளே மண்வெட்டி எடுத்து, கை கொப்பளிக்க மூடி, மேலே ஏறி நின்று மிதித்தாள்.

நாலாம் நாள் குழி திறந்து கிடந்தது. இரண்டு பக்கமும் மண் ஒரே சீராகக் குவிந்திருந்தது. அரிவாள் விளிம்பில், வெளியே. யாரோ எடுத்து வைத்ததுபோல.

அளந்தாள். ஐந்தடி ஒன்பது.

மறுபடி அளந்தாள். ஐந்தடி ஒன்பது.

அவனைக் கூப்பிட்டாள்.

"சித்திரைக்கு வராதீக."

"டிக்கெட் போட்டாச்சே சுந்தரி."

"லீவத் தள்ளிப் போடுங்க. இப்பத் தோதுப்படாது."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அரை டிக்கெட்டுக்கு நாங்க வேணாமாக்கும்?"

குழியைப் பற்றிச் சொன்னால் அவன் அடுத்த விமானத்திலேயே கிளம்பி வந்துவிடுவான். அவளுக்குத் தெரியும்.

"மூணு வருசம் நீங்க இல்லாமத்தான இருந்தேன்" என்றாள். "இன்னமும் இருந்துக்கிருவேன்."

வைத்துவிட்டான். காலண்டரில் அவள் வட்டம் போட்டிருந்த தேதியைப் பார்க்காமல் தாளைச் சுருட்டி வைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில், டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகப் போனில் ஒரு வரி வந்தது. அவன் பிழைத்தான். அந்த நினைப்பில் அழுதாள், நான்கு நாளில் முதல்முறையாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை, சுவரோரம் கறுப்புப் பையில் இருந்த கன்றில் ஓர் இலைகூட இல்லை. உச்சியில் ஒரே ஒரு மஞ்சள் சரம் தொங்கியது. குழிக்குள் அடி தெரியாமல் கொன்றைப் பூ பரப்பியிருந்தது. ஒரு முனையில் தலையணை உயரத்துக்கு மண் மேடாக இருந்தது. கல்யாணசுந்தரி டேப்பை எடுத்து அளந்தாள்.

ஐந்தடி ஒரு அங்குலம்.