வலைக்கதவுக்கு வெளியே

எட்வின் ஹார்கஸ் துணிமூட்டையோடு கதவுக்கப்பலில் ஏறியபோது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஓர்க்னித் தீவுகளின் ஜூன் மாத வெயில். எப்போது கிளம்பிப் போகும் என்று சொல்ல முடியாது. கப்பல் என்பது பேருக்குத்தான். ஓய்ந்துபோன மீன்பிடிக் கப்பல் ஒன்றை ஜலசந்தியின் வாயில் நங்கூரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகள் நுழையாமலிருக்க, கரையிலிருந்து கரைக்குக் கடலுக்கடியில் இரும்பு வலை. நம் கப்பல் வந்தால் வின்ச் என்ற இழுவை உருளையைச் சுழற்றி வலைக்கதவைத் திறக்க வேண்டும். போனதும் மூட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் உள்ளே துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அந்த வலையை நம்பித்தான் கண்ணயர்ந்தார்கள்.

எட்வினுக்கு வேலை பிடித்திருந்தது. தம்பி ராபி காவல்படகில் வலைக்கு வெளியே ரோந்து போகிறவன். இனி அவன் போவதும் வருவதும் அண்ணன் கையால்தான்.

"பனிமூட்டம் இறங்கினா காதைப் பொத்திக்கோ," என்றான் சமையல்காரன் இஸ்பிஸ்டர், ஓட்ஸ் மாவில் புரட்டிய மீனை வறுத்துக்கொண்டே.

"ஏன், நீ பாடுவியா?"

"சிரி, நல்லா சிரி. குளிர்காலத்துல கண்ணிவெடியில போச்சே ஒரு காவல்படகு, அது இன்னும் வருது. சங்கு ஊதும். கதவைத் தொறக்கச் சொல்லும். தொறக்கலேன்னா வெளிய சுத்திக்கிட்டே நிக்கும்."

"எந்தப் பக்கமா சுத்தும்?"

இஸ்பிஸ்டர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இடப்பக்கமா."

எட்வினுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. துறையை விட்டுக் கிளம்பினால் சூரியன் போகிற வழியில் வலமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் தீவுக்காரன் கடலுக்குப் போவான். இடமாகத் திருப்புகிறவனோடு ஒருத்தரும் படகேற மாட்டார்கள். இடஞ்சுழி செத்தவர்களுடையது. ராபி நடை பழகும் முன்பே இதைப் பழகியவன்.

அந்த வாரமே பனி இறங்கியது. நல்ல மத்தியான வேளை. சூரியன் எங்கே போனது என்றே தெரியவில்லை, எங்கும் வெள்ளை. ஈரப் பஞ்சால் மூக்கை அடைத்தது போலிருந்தது. வலையைத் தாங்கிய மிதவைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சங்கு ஊதியது.

நம் படகுகளுக்கென்று அன்றைக்குக் குறித்திருந்த அடையாளச் சங்கு. ஒரு பிசகும் இல்லை.

"நம்ம படகுதான். தொற," என்றார் லெப்டினன்ட் பிரைஸ். கதவுக்கப்பலின் அதிகாரி; லண்டன்காரர், நல்ல மனிதர்.

எட்வின் வின்ச்சின் கைப்பிடியைப் பற்றினான். அப்போது பனி சற்றே விலகிப் படகு கறுப்பாகத் தெரிந்தது. அது திரும்பிக்கொண்டிருந்தது.

இடமாக.

மறுபடியும் இடமாக.

"அண்ணே! சீக்கிரம் தொற! நீரோட்டம் இழுக்குது!"

ராபியின் குரல். எட்வின் கைப்பிடியைச் சுழற்றவில்லை. அந்தச் செத்த படகு தம்பியின் குரலையே கற்றுக்கொண்டு வந்திருக்கிறது, பாவி.

"ஹார்கஸ், காதுல விழலையா? உன் தம்பி கூப்பிடறான்யா!"

"குரல் அவனுதுதான் சார். வந்திருக்கறது அவன் இல்ல."

பிரைஸ் வின்ச்சை நோக்கிப் பாய்ந்தார். எட்வின் கைப்பிடியை உருவிக் கடலில் வீசிவிட்டான்.

குரல் இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிட்டது. அண்ணே, அண்ணே என்று. பிறகு பாறையில் மரம் முறிகிற சத்தம்.

பிறகு அதுவும் இல்லை.

சாயங்காலம் பனி விலகியது. பாறையில் ராபியின் படகு பிளந்து கிடந்தது. சுக்கானில் எங்கிருந்தோ அறுந்துவந்த கம்பி சுற்றி, அதை இடப்பக்கமாகவே இறுக்கியிருந்தது. அந்தப் படகால் வேறு பக்கம் திரும்பியிருக்கவே முடியாது. கரையேற்றிய உடல்களில் ராபியின் முகத்தைப் பார்த்த எட்வின், மண்ணில் விழுந்து மாடு கதறுவதுபோலக் கதறினான்.

பிரைஸ் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. வின்ச் பழுது என்று மேலிடத்தில் சொல்லிப் புதுக் கைப்பிடி வரவழைத்தார். "உன்னைத் தூக்குல போட்டா அவன் திரும்பி வரப்போறதில்ல," என்றார். எட்வின் யாரோடும் பேசுவதை விட்டான். மீனை வாயில் வைத்தால் குமட்டியது.

அடுத்த பனியும் பகலில்தான் வந்தது. அன்று காவல்படகுகள் எல்லாமே உள்ளே இருந்தன. வெளியே ஒன்றுகூட இல்லை.

சங்கு ஊதியது.

பிரைஸின் முகம் வெளுத்தது. "தொறக்காதே," என்று கிசுகிசுத்தார்.

பனிக்குள் ஒரு படகு தெரிந்தது. மெதுவாக, அழகாக, வலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா சார்?" எட்வினின் கண் நிறைந்தது. "ராபிதான். இந்தத் தடவை சரியாச் சுத்தறான். நான் நம்பணும்னு சுத்தறான்."

"வேண்டாம்யா. அது என்னன்னு நமக்குத் தெரியாது."

"இன்னொரு தடவை அவனை வெளிய நிறுத்த என்னால ஆகாது சார். நீங்க என்னைச் சுட்டாலும் சரி."

பிரைஸ் கைத்துப்பாக்கியைத் தொட்டார். எடுக்கவில்லை.

வின்ச் முனகியது. கதவு திறந்தது. படகு கைக்கெட்டும் தூரத்தில் அவர்களைக் கடந்தது. முகப்பில் அலை எழவில்லை. மேல்தட்டில் ஆள் இல்லை. நனைந்த கரியின் வாடை மட்டும் வீசியது.

"வா தம்பி," என்றான் எட்வின். "வீட்டுக்கு வா."

படகு உள்பக்கப் பனியில் மறைந்தது.

அவன் கதவை மூடினான். நெஞ்சிலிருந்து ஒரு பாறை இறங்கினதுபோல மூச்சு வந்தது. வின்ச்சின் மேல் தலை சாய்த்து, சத்தம் வராமல் அழுதான். பிரைஸ் அவன் தோளில் கை வைத்தார்.

அப்போதுதான் வலைக்கு வெளியே தண்ணீர் சலசலத்தது.

"அண்ணே."

குளிரில் பல் கிட்டிய குரல்.

பிரைஸின் கை அவன் தோளை நெரித்தது.

"கண்ணிவெடியில போனவங்களுக்கெல்லாம் தொறந்துட்டே. எனக்கு எப்போ தொறப்ப?"

உள்ளே, போர்க்கப்பல்கள் நின்ற திசையில், அந்தப் படகின் எஞ்சின் சத்தம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.