சாலையிலிருந்து உள்ளே தெரிய வேண்டும்

கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய தங்கையைத்தான் காணோம்.

கட்டட ஆய்வாளரான அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்திருந்த பட்டப்பெயர் கண்ணாடிக்காரி. கடையோ அலுவலகமோ, தரைத்தளக் கண்ணாடி வழியாக உள்ளே நடப்பது நடைபாதையில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், கறுப்புத் தாள் ஒட்டி மூடக் கூடாது என்பது நகரத்தின் விதி. மற்ற ஆய்வாளர்கள் கண்டும் காணாமல் போய்விடுவார்கள். இவள் மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்வாள். அதிலும் இது தங்கை வரவேற்பில் வேலை பார்க்கும் நிறுவனம். சலுகை காட்டினாள் என்று எவனும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பதற்காகவே, மேலாளர் காலையிலிருந்து கெஞ்சியும் காதில் வாங்காமல், முன்பக்கத் தாள் முழுவதையும் உரிக்க வைத்திருந்தாள்.

சோதனை எளிது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆய்வாளர் நடைபாதை விளிம்பில் நின்று பார்க்க வேண்டும். அட்டை தெரிந்தால் தேர்ச்சி. வழக்கமாக அட்டை பிடிக்கும் உதவியாளர் விடுப்பில் போனதால், தங்கையையே உட்கார வைத்தாள்.

சாயங்கால வெயில் எதிர்க்கட்டடத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. உரித்த பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. பேருந்து ஒன்று கிரீச்சிட்டு நின்று கிளம்ப, கண்ணாடி மெல்ல அதிர்ந்து, அந்த அதிர்வு அடங்கிய பிறகும் உள்ளேயிருந்து ஏதோ ஒரு முணுமுணுப்பு மட்டும் அடங்காமல் வந்துகொண்டே இருந்தது. தங்கை தெரியாதது வெளிச்சத்தின் எதிரொளியால் இருக்கும் என்று கையால் மறைத்துக்கொண்டு, கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். மேசை தெரிந்தது. மூடி திறந்த தண்ணீர் பாட்டில் தெரிந்தது. காலி நாற்காலி, யாரோ காலால் ஆட்டுவதுபோல இப்படியும் அப்படியும் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

தங்கைக்குப் போன் செய்தாள். மேசைமேல் இருந்த போன் ஒளிர்ந்தது. அடுத்த கணம் அதுவும் அங்கே இல்லை.

"என்னக்கா, கை வலிக்குது. அட்டையை இறக்கிடவா?"

"எங்கடி இருக்க?"

"உன் எதிர்லதான். மூக்கு நசுங்கிப்போய் நிக்கிற. பாக்கவே சிரிப்பா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "எழுந்து வெளிய வா. உடனே."

நாற்காலி பின்னால் நகர்ந்தது. போனில் காலடிச் சத்தம். நின்றது. மறுபடியும் நடந்தது.

"அக்கா... கதவு இங்கதானே இருந்துச்சு?"

கதவு அங்கேதான் இருந்தது. அவள் கண்முன்னால். பாய்ந்து போய்க் கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை.

கண்ணாடிக்கு முதுகைக் காட்டியபடி தள்ளி நின்றிருந்த மேலாளர் திரும்பாமலே பேசினார். "உள்ள இருக்கிறவங்கள மறைக்கத்தான் தாள் ஒட்டுனோம்னு நெனச்சீங்களா மேடம்? உள்ள யாருமே தெரியலங்கறத மறைக்கத்தான். ஒருதடவை வெளிய இருந்து பாத்துட்டா அவ்வளவுதான், உள்ள இருக்கிறவங்க வெளிய வரவே முடியாது. எங்க பழைய கணக்காளரு... அவரு வீட்ல இன்னும் தேடிட்டு இருக்காங்க."

"இத ஏன் காலையிலயே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரிந்தது. அந்த நினைப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கூடவே ஆத்திரமும் வந்தது. மேலாளர் மேல், தன் மேல், அந்தக் காலி நாற்காலியின் மேல்.

"தாளை மறுபடி ஒட்டிடலாம் மேடம். நீங்க வீட்டுக்குப் போயிடுங்க. பழகிடும்."

"பழகிடுமா? அவ என் தங்கச்சிய்யா! கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு எழுதிட்டுப் போற ஆள் நான் இல்ல."

வாசலில் இருந்த செடித் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். வீசினாள். கண்ணாடி மொத்தமாக இறங்கி நொறுங்கியது. தூசி. பசை வாடை. வெறும் அறை. வெறும் நாற்காலி. கண்ணாடி போன பிறகும் எதுவும் மாறவில்லை.

ஆனால் இப்போது குரல் போனில் வரவில்லை. நேராக வந்தது. கைக்கெட்டும் தூரத்தில்.

"அக்கா, இங்க லைட் போயிடுச்சு. என்கூட யாரோ நிக்கிறாங்க."

உள்ளே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"என் குரல் வர்ற பக்கமா கையை நீட்டு," என்றாள். கண்ணாடி இருந்த சட்டத்துக்குள் தன் கையை விட்டாள்.

முழங்கை வரை உள்ளே போனது. முழங்கை வரை காணாமல் போனது. சட்டத்தின் கோட்டோடு, வெட்டியதுபோல. வலி இல்லை. ரத்தம் இல்லை. குளிர் மட்டும்.

விரல்கள் வந்து அவள் விரல்களைப் பற்றின. சூடான, வியர்த்த விரல்கள். தங்கைதான். சந்தேகமே இல்லை.

"பிடிச்சுக்கோ. விட்டுடாத."

பின்னால் மேலாளர் ஓடும் சத்தம். தேய்ந்து மறைந்தது.

அப்போது இன்னொரு கை அவள் மணிக்கட்டைச் சுற்றியது. பெரிய கை. ஈரமான கை. அதற்கு மேல் இன்னொன்று. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக.

"விடமாட்டேன்," என்றாள் காலி அறையைப் பார்த்து. "இழுத்துப் பாரு. விடமாட்டேன்."

கால்களைச் சட்டத்துக்குக் கீழிருந்த சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கை காணாமல் போகும் கோடு மெல்ல ஏறி அவள் தோளுக்கு வந்தது.