நாட்டுப் பூக்களுக்கு ஒரு பாத்தி

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் உள்ள குழாயில் சற்று நேரம் மூச்சை ஊதிவிட்டுப் போவது, செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பல் தேய்ப்பதைப் போன்ற வழக்கம். அந்த மூச்சின் ஈரம் கூடாரத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். தோட்டப் பொறுப்பாளர் பிலோமினா அந்த ஈரத்தை நம்பித்தான் பூமியிலிருந்து தும்பை, ஆவாரை, நெருஞ்சி விதைகளை வரவழைத்திருந்தாள். குடியிருப்பில் பிறந்த குழந்தைகள் பூவைப் படத்தில்தான் பார்த்திருந்தார்கள். நம் நாட்டுப் பூவைத் தொடவைக்கிறேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

செவ்வாயின் மண்தான் இடம் கொடுக்கவில்லை. உப்பைக் கழுவி, உரமேற்றிப் பாத்தி கட்டிய சில நாட்களிலேயே ஊதா நிறத்தில் ஒரு பொருக்கு படர்ந்தது. சுரண்டச் சுரண்ட மறுபடி வந்தது.

"நம்ம மூட்டையோட வந்த பூஞ்சையா இருக்கும். மண்ணை நல்லா வறுத்துரு," என்றான் கணவன் இருதயராஜ், திரையில். வடதுருவத்தில் பனியைத் துளைத்துச் செவ்வாயின் உயிரைத் தேடும் குழுவில் இருந்தான். "எனக்குத்தான் இங்க ஒரு உசுரும் தட்டுப்படல. உனக்காவது பூ பூக்கட்டும்."

களையெடுப்பி இயந்திரம் மண் முழுவதையும் உலையில் வறுத்துக் கொட்டியது. பிலோமினா ஆவாரை விதைகளை மணலில் தேய்த்துத் தோலை உரசினாள். தும்பை விதையை மணலோடு கலந்து தூவி, மூடாமல் உள்ளங்கையால் அழுத்திவிட்டாள். தும்பைதான் முதலில் பூத்தது. ஒரு சிறுமி தொட்டுப் பார்த்து, "குளிர்ச்சியா இருக்கு!" என்று கத்தினாள். பிலோமினா முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேடல் திட்டத்தை மூடிவிட்டார்கள். வெறுங்கையோடு திரும்பிய இருதயராஜ் பூக்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தான். ஈரக் குழாயின் விரிசலில் கொஞ்சம் ஊதாப் பொருக்கு ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. பழக்கதோஷத்தில் அதை நுண்ணோக்கியில் வைத்தான்.

"பிலோ, இது பூமியோடது இல்ல." அவன் நுண்ணோக்கியை அவள் பக்கம் திருப்பினான். "இந்த மண்ணுக்குள்ளயே தூங்கிட்டு இருந்திருக்கு. நம்ம மூச்சு பட்டு முழிச்சிருக்கு. பாரு, குட்டிக் குட்டிக் கிண்ணமா விரியுது."

"அப்ப நான் வறுத்துக் கொட்டினது?"

"வறுக்கச் சொன்னதே நான்தானே."

குடியிருப்புச் சபை கூடியது. வறுக்காத புது மண்ணால் ஒரு பாத்தியை நிரப்பி, எஞ்சிய துளிப் பொருக்கை அங்கே வளர்ப்பதென்று முடிவாயிற்று. தோட்டத்தில் வேறு இடமில்லை. மொட்டும் மலருமாக நின்ற தும்பைகளைப் பிலோமினா தன் கையாலேயே பிடுங்கினாள். இருதயராஜ் மண்ணை நிரவி, பொருக்கைப் பொடித்துத் தூவினான்.

பிடுங்கிய செடிகளை அள்ளிய இயந்திரம் கேட்டது: "இவற்றைக் களை என்று பதியலாமா?"

இருவரும் பதில் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள மனிதர்களிடம் கற்றிருந்த இயந்திரம் அப்படியே பதிந்துகொண்டு, உலையை நோக்கி உருண்டது.