அப்பா எழுதாத கடிதம்

யோகாவின் அப்பா சீனாவில் இருந்தார். அதனால் ஐந்தாம் வகுப்பில் யோகாவுக்குத் தனி மரியாதை.

அது 1976ஆம் ஆண்டு. அந்த வகுப்பில் வேறு யாருடைய அப்பாவும் சீனாவைப் பார்த்ததில்லை. யோகாவின் அப்பா வரதராஜா மட்டும், ஹெபெய் என்ற சீன மாகாணத்தில் ஒரு கல்லூரிக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போயிருந்தார். ஒரு வருட வேலை. யோகாவும் அம்மா இரஞ்சிதமும் மெல்பேர்னில், கிளென் வேவர்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

அப்பாவின் கடிதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். யோகா அதை ஆங்கிலமாக்கி, புதன்கிழமைகளில் வகுப்பில் வாசிப்பாள்.

"இங்கே காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கி பாடத் தொடங்கும். ஊரே எழும்பிவிடும். தெருவில் கார்களைக் காண்பது அரிது. எங்கு பார்த்தாலும் சைக்கிள்கள். நான் சந்தைக்குப் போனால் ஐம்பது பேர் பின்னால் வருவார்கள். ஒன்றும் பேசமாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள். நேற்று ஒரு சின்னப் பையன் என் கையைத் தடவிவிட்டுத் தன் விரலைப் பார்த்தான். நிறம் ஒட்டவில்லை என்று அவனுக்கு ஏமாற்றம்."

வகுப்பு சிரிக்கும். ஆசிரியை மிஸ் ஹார்ப்பரும் சிரிப்பார். யோகாவுக்குப் பெருமையாக இருக்கும்.

ஒருநாள் வந்த கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: "நான் வந்தபோது குளிர்காலம். வேறு காய்கறி கிடையாது. வீட்டு வாசல்களில் எல்லாம் முட்டைக்கோவாவை மலைபோல் அடுக்கி வைத்திருந்தார்கள். காலையில் முட்டைக்கோவா. மத்தியானம் முட்டைக்கோவா. இரவுக்கு என்ன என்று நான் கேட்கவே இல்லை."

யோகா இதை வாசித்ததும், முன் வரிசையில் இருந்த டெரி பின்னால் திரும்பினான்.

"சுவீ லின், உங்கள் வீட்டு வாசலிலும் முட்டைக்கோவா மலைதானா?"

எல்லோரும் சிரித்தார்கள். யோகாவும் சிரித்தாள்.

சுவீ லின் யோகாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவள். "நான் மலேசியாவில் பிறந்தவள். சீனாவை நான் பார்த்ததே இல்லை" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். அந்தச் சத்தத்தில் அது ஒருவருக்கும் கேட்கவில்லை. யோகாவுக்கு மட்டும் கேட்டது. ஆனாலும் அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

மறுநாள் சுவீ லின் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

ஜூலையில் அப்பாவுக்குக் கல்லூரி விடுமுறை. "கடற்கரைக்குப் போகிறேன். துணைக்குக் கல்லூரியிலிருந்து ஒருவர் வருகிறார். வழியில் தாங்ஷான் என்ற நகரத்தில் இருபத்தேழாம் தேதி இரவு தங்குவோம்" என்று எழுதியிருந்தார்.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி மாலை, அம்மா சமைத்துக்கொண்டே வானொலிச் செய்தி கேட்டார். சீனாவில் பெரிய நிலநடுக்கம். விடிவதற்கு முன், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். தாங்ஷான் நகரம் தரைமட்டமாகிவிட்டது என்று அடுத்தடுத்த நாட்களில் தெரியவந்தது.

அம்மா கான்பராவில் இருந்த வெளிநாட்டு அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர்கள் அன்பாகப் பேசினார்கள். ஆனால் அப்பாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இன்னும் வரவில்லை என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னார்கள்.

புதன்கிழமைகளில் மிஸ் ஹார்ப்பர் யோகாவிடம் கடிதம் கேட்பதை விட்டுவிட்டார். அம்மா மருத்துவமனையில் தாதி. வழக்கம்போல வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். ஆனால் சமைத்ததைச் சாப்பிட மறந்துபோனார்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்த யோகா தபால் பெட்டியில் ஒரு உறையைக் கண்டாள். சீன முத்திரை! ஆனால் முகவரி அப்பாவின் கையெழுத்தில் இல்லை. ஒவ்வொரு ஆங்கில எழுத்தையும் யாரோ படம் வரைவதுபோல வரைந்திருந்தார்கள்.

அம்மா உறையைத் திறந்தார். இரண்டு தாள்கள், முழுவதும் சீன எழுத்து. நடுவில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பாவால எழுத ஏலுமெண்டால் அவரே எழுதியிருப்பார், பிள்ளை" என்றார். "மற்ற ஆக்கள் எழுதினால்... ஆஸ்பத்திரியில நானும் இப்பிடிக் கடிதம் எழுதிக் குடுத்திருக்கிறன். அது என்ன கடிதமெண்டு எனக்குத் தெரியும்."

"அப்பிடி இல்லாமலும் இருக்கலாம்தானே, அம்மா?"

"திங்கட்கிழமை கான்பராவுக்கு அனுப்புவம். அவை வாசிச்சுச் சொல்லட்டும்." அம்மா கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை அனுப்பினால், அங்கே போய்த் திரும்பி வர ஒரு வாரம். அதுவரை அம்மா எப்படி இருப்பார்?

கிளென் வேவர்லியில் சீனம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை யோகாவுக்குத் தெரியும். சுவீ லினின் அப்பா மிஸ்டர் லியோங். ரயில் நிலையத் தெருவில் சின்ன உணவகம் வைத்திருந்தார். மாலையில் யன்னலோரம் இருந்து சீனப் பத்திரிகை வாசிப்பார்.

"அம்மா, வாசிக்கக்கூடிய ஒருத்தரை எனக்குத் தெரியும். ஆனா முதல் நான் தனியப் போய் வரோணும்."

"கடிதத்தைக் கொண்டு போகேல்லையோ?"

"இல்லை. முதல் வேற ஒரு அலுவல் இருக்கு."

உணவகத்தின் பின்கதவடியில் சுவீ லின் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள். யோகாவைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சுவீ லின், டெரி உன்னைக் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். நீ சொன்னது எனக்குக் கேட்டது. கேட்ட பிறகும் சிரித்தேன். மன்னித்துக்கொள்."

சுவீ லின் இன்னும் இரண்டு பீன்ஸ் உரித்தாள். "இரண்டு மாதத்துக்குப் பிறகு ஏன் இன்றைக்கு வந்து சொல்கிறாய்?"

யோகாவுக்கு முகம் சுட்டது. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் சொல்லவில்லை.

"சீனத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எங்களால் வாசிக்க முடியாது. உன் அப்பாவிடம் கேட்கத்தான் வந்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை."

"உன் அப்பாவைப் பற்றியா?"

யோகா தலையாட்டினாள். சுவீ லின் பீன்ஸ் சட்டியைக் கீழே வைத்தாள்.

"வகுப்பிலும் சொல்வாயா? எல்லோரும் கேட்க?"

"சொல்வேன்."

"சரி. போய் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. நான் அப்பாவிடம் சொல்கிறேன்."

பத்து நிமிடத்தில் யோகாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மாவின் கையில் கடிதம். மிஸ்டர் லியோங் கையைக் கழுவித் துடைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். அம்மாவைப் பார்த்து, "வாங்க, உக்காருங்க, அக்கா" என்றார்.

தமிழில்!

அம்மா திகைத்துப்போய் நின்றார்.

"ஈப்போவில் எங்கள் பக்கத்துக் கடைக்காரர் தமிழர்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். "எனக்குத் தெரிந்தது 'வாங்க', 'உக்காருங்க', 'அக்கா', 'தேத்தண்ணி', 'நாளைக்குத் தாறேன்' மட்டும்தான்."

அம்மா உட்கார்ந்தார். மிஸ்டர் லியோங் கடிதத்தை மனதுக்குள் வாசித்தார். யோகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு எழுத்தைச் சுட்டி, "இதெல்லாம் சீனாவில் இப்போது சுருக்கி எழுதும் புதுவிதமான எழுத்து. பாதிக் கோடுகளைக் காணவில்லை" என்று முணுமுணுத்தார். பிறகு சட்டென்று நிமிர்ந்தார்.

"மிச்சத்தைப் பிறகு வாசிக்கிறேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அவர் உயிரோடு இருக்கிறார்."

அம்மா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யோகா அம்மாவின் தோளோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவீ லின் ஒரு கோப்பையில் சூடாகத் தேநீர் கொண்டுவந்து, சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து மிஸ்டர் லியோங் ஒவ்வொரு வரியாக வாசித்து ஆங்கிலத்தில் சொன்னார். எழுதியவர் ஹெனான் என்ற இன்னொரு மாகாணத்தில் ஒரு தாதி.

"காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் இங்கே வந்தன. அதில் இந்த வெளிநாட்டு மாமாவும் வந்தார். கால் உடைந்திருந்தது. வலது கையும் உடைந்திருந்தது. இரண்டு வாரம் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். அவரிடம் அடையாளப் பத்திரம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் வெளிநாட்டு மொழி தெரிந்தவர்கள் இல்லை. அவரை மேலிடத்துக்கு அறிவித்திருக்கிறோம். நேற்றுக் கண் விழித்ததும், சட்டைப் பையில் இருந்த ஒரு உறையைக் காட்டி, 'வீடு, எழுது' என்று எங்கள் மொழியில் சொன்னார். அவர் சொன்ன விதம் வேடிக்கையாக இருந்தது. நோயாளிகள் கூடம் முழுவதும் சிரித்தது. பிறகு அவர் அழுவதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினோம். நானும் சிரித்தேன். அதற்காக வெட்கப்படுகிறேன். உறையில் இருந்த எழுத்துகளைப் பார்த்து வரைந்திருக்கிறேன். சரியாக வந்து சேருமோ தெரியாது. அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். மிளகாய் போட்டால் இன்னும் நன்றாகச் சாப்பிடுகிறார். கவலைப்படாதீர்கள்."

"என்ர கடித உறை, அம்மா!" என்றாள் யோகா. "பின்பக்கம் எங்கட அட்ரஸ் எழுதினது நான்தான்!"

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். தேநீரை எடுத்துக் குடித்தார். பிறகு சுவீ லின் வைத்த பிஸ்கட்டையும் சாப்பிட்டார்.

அடுத்த புதன்கிழமை யோகா வகுப்பின் முன்னால் நின்று அந்தத் தாதியின் கடிதத்தைச் சொன்னாள். கூடம் முழுவதும் அப்பாவைப் பார்த்துச் சிரித்த இடம் வந்ததும் நிறுத்தினாள்.

"ஜூன் மாதம் நான் சுவீ லினைப் பார்த்து இப்படித்தான் சிரித்தேன். அவள் மலேசியாவில் பிறந்தவள். அன்றைக்கே சொன்னாள். அவளுடைய அப்பாதான் இதை எங்களுக்கு வாசித்துத் தந்தார்."

டெரி தன் பென்சிலைச் சீவத் தொடங்கினான். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு சுவீ லின் தன் புத்தகங்களோடு யோகாவின் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

அக்டோபரில் அப்பாவின் கடிதம் வந்தது. இடது கையால் எழுதியது. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. நவம்பரில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். ஊன்றுகோலோடு நடக்கப் பழகுகிறாராம். கடிதத்தின் முடிவில் இப்படி எழுதியிருந்தார்:

"என்னோடு வந்தவர் பெயர் சொங். இருபத்துநான்கு வயது. நிலம் ஆடியபோது நான் தூக்கத்தில் இருந்தேன். அவர்தான் என்னை இழுத்து மேசைக்குக் கீழே தள்ளினார். அவர் உள்ளே வருவதற்கு நேரம் போதவில்லை. அவருடைய அம்மா ஹெபெய்யில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். மகன் கடைசியில் என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அவருக்கு எழுத மூன்று தரம் தொடங்கினேன். மூன்று தரமும் முடியவில்லை."

அம்மா கடிதத்தை மேசையில் வைத்தார்.

"நான் எழுதுறன், அம்மா" என்றாள் யோகா.

"நீயோ? என்னெண்டு எழுதுவாய்?"

"அவவின்ர மகன் என்ர அப்பாவைக் காப்பாத்தினவர் எண்டு. அப்பா எழுதினதை அப்பிடியே எழுதுவன். அப்பாவுக்கு அனுப்பினால், அவர் அவவிட்டச் சேர்ப்பிப்பார்தானே?"

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் யோகாவின் குளிர்ச்சட்டையையும் தன் குளிர்ச்சட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

உணவகத்தில் மிஸ்டர் லியோங் அவர்கள் சொன்னதைக் கேட்டார். மூலை மேசையைத் துடைத்தார். மெல்லிய தாள்களையும் பேனாவையும் எடுத்து வைத்தார். சுவீ லின் யோகாவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதல் வரி என்ன?" என்று கேட்டாள்.

யோகா யோசித்தாள். "சொங்கின் அம்மாவுக்கு," என்றாள். "நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. என் பெயர் யோகா. உங்கள் மகனால் எனக்கு அப்பா இருக்கிறார்."

மிஸ்டர் லியோங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் மாட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். அவர் அவசரப்படவில்லை. வேறு யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.

அன்று அந்த உணவகம் ஒரு மணி நேரம் பிந்தித்தான் திறந்தது.