பதினோராவது வரி

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லோர்னா பெக்வித் 114-ஆம் அறையைத் திறந்தபோது அங்கே வழக்கமான குளிர்தான் இருந்தது. ஹீட்டர் ஓடவில்லை. மூன்று முறை புகார் எழுதியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விளையாட்டு அரங்கின் படிக்கட்டு இருக்கைகளுக்கு நேர் கீழே ஒரு படிப்பறையை வைத்த புண்ணியவான் யாரோ, அவன் ஒரு நாள் இங்கே உட்கார்ந்து பார்க்கட்டும்.

அந்தக் கேன்சஸ் கல்லூரியின் கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் வாரம் பத்து மணி நேரம் இங்கே படித்தாக வேண்டும். பதிவுத் தாளில் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தங்கள் கையாலேயே எழுத வேண்டும். போன நேரம் இல்லையென்றால் அன்றைய கணக்கு பூஜ்யம்; பத்து மணி நேரம் குறைந்தால் ஆட்டத்தில் இறங்க முடியாது. முப்பது வருடமாகப் பகுதி நேர வேலையிலேயே உழலும் லோர்னாவிடம் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அந்தச் சிவப்புப் பேனாதான்.

இந்த வாரம் முழுக்க, பத்துப் பேருக்குக் கீழே பதினோராவதாகப் பென்சிலில் ஒரு வரி. வேட் ஸ்ட்ரௌட். வந்த நேரம் 3:10. போன நேரம் காலி.

பையன்களின் குறும்பு என்று தினமும் பூஜ்யம் போட்டாள். ஆனால் அந்தப் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரியும்? இருபத்தொன்பது வருடம் முன்பு, இவர்கள் பிறப்பதற்கு முன்பே, அவள் பூஜ்யம் போட்டதால் அணியை விட்டுப் போனவன் அவன். அன்று பனியில் வீட்டுக்கு அவன் ஓட்டிப்போன கார் அவனோடு ஆற்றுக்குள் இறங்கிவிட்டது.

நாலரைக்குக் கோல்பி ரென்ஃப்ரோ வந்து நின்றான். அணியின் உயரமான பையன்.

"மிஸ், செவ்வாக்கிழமை ரெண்டு மணி நேரம் உங்க கண்ணு முன்னாடிதானே உக்காந்திருந்தேன்? அல்ஜீப்ரா சந்தேகம்கூட உங்ககிட்டதான கேட்டேன்."

"கேட்ட. போகும்போது நேரம் எழுதினியா?"

"பஸ் கெளம்புதுன்னு கோச் கத்தினாரு. மறந்துட்டேன்."

"பந்த மட்டும் மறக்க மாட்டீங்க. ரூல் நான் போட்டதில்லப்பா."

"ஆட்டக்காரங்கள எடுக்குற யூனிவர்சிட்டி ஆளு இன்னிக்கு மேட்ச்ல என்னைப் பாக்கத்தான் வர்றாரு. அஞ்சு மணிக்குள்ள நீங்க சரின்னு சொல்லலேன்னா அடுத்த வருஷம் நானும் எங்கப்பாகூட மாடு வெட்டுற ஆலையிலதான் நிக்கணும், மிஸ்."

அவள் செவ்வாய்க்கிழமைத் தாளை எடுத்து, அவன் வரியில் இருந்த பூஜ்யத்தை இன்னும் அழுத்திப் போட்டாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போனான். கதவைக்கூட அறையவில்லை. அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்த நாற்றம் வந்தது. ஈரக் கம்பளி, அதனடியில் ஆற்றுச் சேறு.

கடைசி மேசையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது.

சொட்டு.

சொட்டு.

"மிஸ்," என்றது ஒரு குரல், காதருகே. "நான் இங்கதானே இருந்தேன். நீங்க பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தாள். அன்றைக்கும் பார்த்திருந்தாள்.

கோல்பியின் பூஜ்யத்தை அடித்துவிட்டு 5:10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போனை எடுத்து விளையாட்டு அலுவலகத்தை அழைத்தாள்.

"கோல்பிக்குப் பத்து மணி நேரம் ஆயிடுச்சு. தப்பு என்மேலதான். அவன ஆட விடுங்க."

மணி ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது. மனம் கொஞ்சம் லேசாயிற்று. இதை அன்றே செய்திருக்கலாமே, பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டு அதே தாளின் பதினோராவது வரியிலும் 5:10 என்று எழுதினாள்.

"போயிட்டு வாப்பா," என்றாள் மெல்ல.

தாளின் அடியிலிருந்து ஈரம் ஊறி வந்தது. சிவப்பு எண்கள் கரைந்தன. போன நேரம் மறுபடியும் காலி.

அதன் கீழே, வேட் ஸ்ட்ரௌட் எழுதிய அதே பென்சில் கையெழுத்தில் பன்னிரண்டாவதாக ஒரு வரி இருந்தது.

லோர்னா பெக்வித். வந்த நேரம் 3:00. போன நேரம் காலி.

போன நேரத்தை எழுத அவள் அவசரமாகப் பேனாவை அழுத்தினாள். எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி அழுத்தினாள். தாள் கிழிந்ததே தவிர ஒரு கோடு விழவில்லை.

மேலே அரங்கில் ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்கு இறங்கியிருந்தார்கள். பந்து தரையில் மோதும் சத்தம் கூரை வழியாகக் கேட்டது.

கடைசி மேசையில், முன்பு நகர்ந்த நாற்காலிக்குப் பக்கத்தில், இன்னொரு நாற்காலி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது.