நாற்பது வாய்

அந்தப் பலகை இரண்டு நாளாகக் காயவில்லை.

காய்ந்திருக்க வேண்டும். பாலைவனத்துத் தூசியை வாரிக்கொண்டு ஹர்மத்தான் காற்று இறங்கிவிட்டால் அக்ராவில் எதுவும் ஈரமாக இருக்காது. துவைத்துப் போட்ட துணி, வாளியைக் கவிழ்த்து வைப்பதற்குள் விறைத்து நிற்கும். உதடு வெடிக்கும், குதிகால் வெடிக்கும், கதவுச் சட்டம் வெடித்துப் பட்டென்று சத்தம் போடும். நடுப்பகல் சூரியன்கூட வெளுத்த தட்டாகத்தான் தொங்கும். அப்பேர்ப்பட்ட டிசம்பரில், ஜேம்ஸ்டவுன் கடலோரத்துப் பழைய கோகோ கிடங்கில், புதன்கிழமை காலை பதினேழாம் எண் பலகையைச் சுவரில் மாட்டத் தூக்கிய கோர்கோய்க்கு இரண்டு உள்ளங்கையும் நனைந்தன.

அந்தக் கிடங்கு இப்போது கலைக்கூடம். படம் மாட்டுவதும் இறக்குவதும் அங்கே கோர்கோயின் வேலை, ஆறு வருஷமாக. ஹர்மத்தான் காலம் பிறந்தால் பதினொரு ஓவியர்கள் சேர்ந்து ஒரு கூட்டுக் கண்காட்சி வைப்பார்கள். இந்த வருஷம் அதற்கு ‘தெரு பேசுகிறது’ என்று பெயர். தெருவில் இருப்பவன் உள்ளே வந்தால் காவலாளி கழுத்தைப் பிடிப்பான். தெருவிலிருந்து பிய்த்து வந்ததற்கு மட்டும் தனி விளக்கு போடுவார்கள்.

பதினேழாம் எண் கோபினா எஷுனுடையது. சாவு போஸ்டர்களைச் சுவர்களிலிருந்து உரித்து வந்து, பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, பிறகு நகத்தாலும் கத்தியாலும் கிழிப்பான். அதுதான் அவன் கலை. ஆளுயரப் பலகை முழுக்கக் கிழிசல், கறுப்பும் சிவப்புமாக.

கோர்கோய் பின்பக்கத்தைத் துணியால் துடைத்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் வியர்த்திருந்தது. கூடவே ஒரு வாடை.

“பாஸ், இதை எதுல ஒட்டினீங்க?”

“மரவள்ளிக் கஞ்சி. எல்லாரும் ஒட்டுறதுதான். ஏன் சிஸ்டர்?”

“புளிச்ச சோளமாவு வாடை அடிக்குது.”

“உனக்குப் பசி. போய்ச் சாப்புடு,” என்று சிரித்தான்.

அவளுக்குப் பசியில்லை. அந்த வாடையோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் அவள். அக்கா தேதே பஸ் ஸ்டேஷன் வாசலில் கென்கி விற்றாள். மாவைப் புளிக்க வைத்து, உருட்டி, சோள மடலில் சுற்றி அவித்து, பொரித்த மீனும் மிளகாய்த் துவையலும் வைத்துக் கொடுப்பாள். எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் அவள் கைமடிப்பில் அந்தப் புளிப்பு இருக்கும். ஏழு வாரத்துக்கு முன்னால் கூடையை இறக்கி வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். முப்பத்தெட்டு வயது. இப்போது பிணவறையின் குளிர்பெட்டியில் கிடக்கிறாள். வருகிற சனிக்கிழமை அடக்கம்.

அதற்காகத் திங்கட்கிழமைதான் கோர்கோய் நாற்பது போஸ்டர் ஒட்டினாள். ஸ்டேஷன், மீன்துறை, சந்தை என்று ஒரு சுவர் விடவில்லை. அக்காவிடம் சாப்பிட்ட ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அவள் வீடு தெரியாது, பாதிப்பேருக்குப் பெயரும் தெரியாது. முகம்தான் தெரியும். அந்த முகத்தைச் சுவரில் பார்த்தால்தான் வருவார்கள். ஆள் வராத சாவிலிருந்து செத்தவள் கிளம்ப மாட்டாள். பக்கத்திலேயே நின்று யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

வியாழக்கிழமை பலகையின் கீழே தரையில் சின்னக் குட்டை தேங்கியிருந்தது. கூரையில் ஓட்டையில்லை. மழை பெய்து ஐந்து வாரம் ஆகிறது. கோர்கோய் மண்டியிட்டுத் துடைத்தாள். சொட்டு விழும் சத்தம், நிதானமாக, ஒன்று, அப்புறம் ஒன்று. நிமிர்ந்தபோது ஈரத்தில் ஊறிய ஒரு கிழிசல் தானாகச் சுருண்டு தொங்கியது. அதன் அடியில் சிவப்பு எழுத்தில் ‘என்ன அதிர்ச்சி!’ என்று இருந்தது. அகாலமாகப் போனவர்களுக்கு எல்லோரும் போடுகிற தலைப்புதான். அதற்குக் கீழே ஒரு கண். இடது புருவத்தில் எண்ணெய் தெறித்துச் சுட்ட தழும்பு.

அவள் அடுத்த கிழிசலைத் தூக்கினாள். அதே தழும்பு. அதற்கடுத்ததிலும் அதே தழும்பு. பலகை முழுவதும் தேதேதான், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு முகத்திலும் வாய் இல்லை.

வேலையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஸ்டேஷன் சுவரில் வெறும் கஞ்சித் தடம் மட்டும் சதுரமாக இருந்தது. சந்தையிலும் மீன்துறையிலும் அப்படியே. சுற்றிலும் போன மாதத்துப் பிணங்களும் போன வருஷத்துப் பிணங்களும் காற்றில் படபடத்துக்கொண்டிருக்க, அக்காவை மட்டும் வழித்து எடுத்திருந்தான். அடக்கத் தேதி தாண்டாத போஸ்டரில் அந்த ஊரில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள். தேர்தல் நோட்டீஸ் ஒட்டுகிற ரவுடிகூட அதைச் சுற்றித்தான் ஒட்டுவான். மறுபடி அச்சடிக்கக் கேட்டால், கிறிஸ்துமஸ் வேலை தலைக்குமேல் கிடக்கிறது, திங்கட்கிழமைக்கு முன்னால் ஆகாது என்று அச்சகத்தில் கையை விரித்தார்கள்.

திரும்பி வந்து கோபினாவின் முன்னால் நின்று பலகையைக் காட்டினாள்.

“இது எங்க அக்கா.”

“எது?”

“இதுதான்! தேதி சனிக்கிழமைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே, கண்ணு தெரியல உங்களுக்கு?”

அவன் கொஞ்சம் திகைத்தான். பிறகு தோளைக் குலுக்கினான். “பழசு காஞ்சு தூள் தூளாப் போகுது சிஸ்டர். ஈரம் இருந்தாத்தான் நீளமாக் கிழியும். அதுவும் ஒரே முகம் நாற்பது! எனக்கு எங்க கிடைக்கும்?”

“வாயை ஏன் வெட்டினீங்க?”

“எப்பவுமே வாயை எடுத்துருவேன். இந்த ஊர்ல செத்தவங்கதான் ரொம்பப் பேசுறாங்க.” மூலையில் இருந்த வாளியைக் காலால் தட்டினான். “எதையும் தூக்கிப் போடல. சனிக்கிழமை திறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் ஒட்டப்போறேன்.”

கஞ்சியில் நாற்பது காகித வாய்கள் மிதந்தன. சில மூடியிருந்தன. போஸ்டரில் எல்லாம் சிரித்த வாய்தான்; அச்சடித்தது ஒரே படம். சில மட்டும் எப்படி மூடிக்கொண்டன என்று அவள் கேட்கவில்லை. ஆத்திரம் கண்ணை மறைத்தது.

கலைக்கூடத்தை நடத்தும் அஜோவா மேடம் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, “கோர்கோய், இது அவங்களுக்கு எவ்வளவு பெரிய மரியாதை, யோசிச்சுப் பாரு,” என்றாள். சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு வராவிட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்பதையும் அதே இனிப்பான குரலில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கோர்கோய் ஒரு சின்னப் புட்டி அக்பெதெஷி சாராயத்தோடு பலகைக்கு முன்னால் நின்றாள். சாராயம் ஊற்றிச் செத்தவர்களைக் கூப்பிடுவது வீட்டுப் பெரிய ஆணின் உரிமை. அதுவும் பிணம் கிடக்கும் வாசலில்தான் ஊற்ற வேண்டும். அதெல்லாம் தெரிந்தும் ஊற்றினாள்.

“தேதே! உன் முகம் இங்கதான் இருக்கு. உன் வாய் இங்கதான் இருக்கு. இங்க வா. உன்கிட்டச் சாப்பிட்டவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு இங்கேயே வா. இவனுக்கு உன்னைக் காட்டு!”

சாராயம் சிமெண்ட்டில் பரவவில்லை. ஊற்ற ஊற்ற உள்ளே போனது. சொட்டும் சத்தம் நின்றது. பலகையைத் தொட்டுப் பார்த்தாள். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. ஈரம் எங்கேயோ போய்விட்டது.

அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது.

சனிக்கிழமை வீட்டு வாசலில் முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகள், கறுப்புச் சிவப்புத் துணி கட்டி. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேலை போனால் போகட்டும் என்று கோர்கோயும் அங்கேதான் இருந்தாள். காற்று காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தது. அமெர்லே அத்தை எழுந்து எழுந்து தெருமுனையைப் பார்த்தாள்.

“ஊருக்கே சோறு போட்டாளேடி. ஒரு நாய்கூட எட்டிப் பாக்கலையே!”

பத்து மணிக்குப் பெட்டியை மூடினார்கள். தூக்குகிற ஆறு பேரும் ஒன்றாக மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். பெட்டி விருட்டென்று தலைக்கு மேலே போனது. பின்னால் இருந்தவன் தடுமாறி விழப்பார்த்தான். ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அத்தை,” என்றான் முன்னால் நின்றவன் மெதுவாக, “உள்ள ஆளு இருக்காங்களா?”

திறந்தார்கள். காலையில் உடுத்திவிட்ட சரிகை கவுன் தட்டையாகக் கிடந்தது. மணிமாலை அதன்மேல் வட்டமாக. தலையணையில் தலை அழுந்திய பள்ளம். பள்ளத்தில் ஈரம்.

அத்தையின் அலறலுக்கு முன்பே கோர்கோய் ஓடிவிட்டாள்.

தூசி. தெருவில் ஆளில்லை. சந்தையில் கடைகள் திறந்திருந்தன, விற்பவர்கள் இல்லை. ஸ்டேஷனில் வேன்கள் கதவு திறந்தபடி நின்றன. கலைக்கூடத்து வாசலில் காவலாளியைக் காணோம். அவ்விடத்தில் ஒரு வரிசை. கறுப்பும் சிவப்பும் உடுத்திய வரிசை. டிரைவர்கள், மீன்காரிகள், சுமை தூக்குகிறவர்கள். கடைசியில் நின்ற டிரைவர் லார்ட்டேயை அவளுக்குத் தெரியும். அக்காவிடம் தினமும் இரண்டு உருண்டை வாங்குகிறவர்.

“லார்ட்டே அண்ணா, இங்க என்ன பண்றீங்க?”

அவர் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தபடி இருந்தார். தேய்த்துத் தேய்த்துத் தோல் சிவந்திருந்தது. “நேத்து சாயங்காலம் உங்க அக்கா ஸ்டேஷனுக்கு வந்துச்சும்மா. ஒவ்வொருத்தரையாக் கையைப் புடிச்சுக் கூப்புட்டுச்சு. பேசல. இந்தப் பக்கம் காட்டுச்சு, அவ்வளவுதான்.” கையை மறுபடியும் தேய்த்தார். “ஈரம் போகவே மாட்டேங்குது.”

வரிசை நகர்ந்தது. அவளையும் தள்ளிக்கொண்டு நகர்ந்தது. உள்ளே புளித்த மாவு வாடை தொண்டையை அடைத்தது. அஜோவா மேடம் சுவரோரம் நின்றாள், கண்ணிமைக்காமல், உள்ளங்கையைப் பட்டுச் சட்டையில் தேய்த்துக்கொண்டு. பதினேழாம் எண் பலகை வெறும் மரமாக இருந்தது. ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

கூடத்தின் நடுவே ஒரு நாற்காலி. பெரிய மனிதர்களின் பிணத்தை உட்கார்த்தி வைப்பதுபோல நிமிர்ந்து கோபினா. அவன் சட்டையை வைத்துத்தான் அவன் என்று தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் கண் இல்லை. மூக்கு இல்லை. வாய்கள். ஈரமான காகித வாய்கள், நெற்றியிலிருந்து தொண்டைவரை நெருக்கி நெருக்கி ஒட்டி.

வந்தவர்களை வரவேற்கிற இடத்தில் தேதே நின்றாள். புருவத்தில் தழும்பு. மூக்குக்குக் கீழே கிழிந்த ஓட்டை. வலமிருந்து இடமாக ஒவ்வொருவருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் போனார்கள்.

கோர்கோயின் முறை.

பின்னால் வழியில்லை. இடது கையை நீட்டுவது அவமரியாதை. கையே நீட்டாமலிருப்பது அதைவிட மோசம். அவள் நீட்டினாள். அக்காவின் விரல்கள் மூடிக்கொண்டன. ஈரம். குளிர்பெட்டியின் குளிர். அந்தக் கண்களை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் பானையை உடைத்த அன்று பார்த்த அதே கண்கள். கோபம். அவ்வளவும் கோபம். அது கோபினாவைப் பார்க்கவில்லை.

“அக்கா, நான் அங்க... உன் சாவுக்குத்தான்...”

நாற்காலியில் நாற்பது வாயும் திறந்தன. ஒரே குரல். தேதேயின் குரல்.

“கூப்புட்டுட்டு எங்கடி போன?”

கை இறுகியது. கோபினாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. அதன் காலடியில் கஞ்சி வாளி. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.