பச்சை உடம்புக்காரி

மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் வள்ளிக்கண்ணுவுக்கு வலி அடங்கியது. அடங்கிய கையோடு, பின்னறையில் யாரோ முனகத் தொடங்கினார்கள்.

முதல் நாள் அவள் அதைச் சட்டை செய்யவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து காட்டூர் வீட்டுக்கு வந்து கூடத்துக் கட்டிலில் கிடக்கிறவளுக்கு அடிவயிற்றுத் தையலும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் வறட்சியும், குமட்டலும், மலச்சிக்கலும் போதாதா? இதில் மருமகள் வேறு முனகினால் யார் கவனிப்பது? "ஆரம்பிச்சுட்டா நாடகத்த" என்று உதட்டைச் சுழித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மருமகள் கலைமதியின் எந்த வலியையும் அவள் நம்பியதில்லை. ஆறேழு மாதத்துக்கு முன்னால் அந்தப் பெண் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை பெற்று இதே வீட்டுக்கு வந்தபோது, டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை அட்டையோடு பிடுங்கிக் குப்பையில் போட்டவள் இவள்தான். மாத்திரை போட்டால் பால் கெட்டுப்போகுமாம். தண்ணீர் குடித்தால் தையல் சீழ் வைக்குமாம். பச்சை உடம்பு என்று பின்னறையில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீருக்குக் கெஞ்சவிட்டாள். அது சுவரைப் பார்த்துக்கொண்டு முனகினால், "நாங்கல்லாம் பெத்த கையோட நாத்து நட்டவங்க, இவ என்னமோ அதிசயமா பெத்துட்டா" என்று தெருவுக்கே கேட்கிறமாதிரி சொன்னாள். இப்போது அந்த வீராங்கனையின் தலைமாட்டில் மாத்திரை அட்டை, சொம்பு நிறையத் தண்ணீர், இருமும்போது வயிற்றில் அழுத்திக்கொள்ள ஒரு தலையணை. வேளை கொஞ்சம் தப்பினால் வீடே இரண்டாகிறது. டாக்டர் சொன்னதெல்லாம் இவளுக்கு மட்டும் வேதவாக்கு.

மறுநாள் சாயங்காலம்தான் உறைத்தது. தஞ்சாவூர் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரனும், அடுப்பில் கடுகு பொரிகிற சத்தமும், கட்டிலைச் சுற்றி விடாமல் நிற்கும் டெட்டால் வாடையும் ஒன்றோடொன்று குழம்ப, வலி பின்வாங்குகிற சுகத்தில் அவளுக்குக் கண் செருகியபோது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் அது மறுபடி கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, பாதியில் அடக்கிக்கொள்கிற முனகல். கலைமதியின் குரல்தான். ஆனால் கலைமதி அடுப்படியில், அவள் கண்ணெதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உள்ள யாருடி?"

"யாரும் இல்லைங்க அத்தை."

"முனகுற சத்தம் கேக்குதே!"

கத்தி நின்றது. "உங்களுக்கும் கேக்குதா?" என்றாள் கலைமதி. அவள் முகத்தில் பயமும் இல்லை, பரிவும் இல்லை. "எனக்குப் பழகிடுச்சு. அதான் கதவச் சாத்தியே வச்சிருக்கேன். நானும் பாப்பாவும் அங்க படுக்கறதே இல்லையே, நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. மருமகள் எங்கே படுத்து எழுகிறாள் என்பதெல்லாம் வள்ளிக்கண்ணு பார்க்கிற விஷயமா என்ன?

மகன் ஹரிஹரசுதனுக்குத் திருவெறும்பூரில் ஃபேக்டரி வேலை. ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், "அது மாத்திரை எஃபெக்டும்மா, கொஞ்சம் குழப்பும்னு டாக்டரே சொன்னாருல்ல" என்று சட்டைப் பட்டனைப் போட்டான். பெண்டாட்டி துடித்தபோதும் இப்படித்தான் பட்டன் போட்டுக்கொண்டு போனான். நல்ல பிள்ளை.

அன்று ராத்திரி மாத்திரையைப் போடாமல் பார்த்தாள் வள்ளிக்கண்ணு. முனகல் நின்றது. பதிலுக்கு வலி வந்தது. அடிவயிற்றில் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியமாதிரி வந்தது. தாங்கமுடியாமல் விழுங்கினாள். வலி இறங்க இறங்க, முனகல் கதவுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அடுத்த மாத்திரைக்குக் கதவையே உரசியது. போடாவிட்டால் வலி. போட்டால் அது. இதற்கு நடுவில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் கலைமதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "பாப்பாவுக்குச் சளி அத்தை, டாக்டர்ட்ட காட்டிட்டு வரேன்." சொல்லிவிட்டு நேரே பின்னறைக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கினாள். கதவை அகலத் திறந்தாள்.

"கதவச் சாத்துடி!"

"புழுக்கமா இருக்குங்க. அதுக்கும் காத்து வேணும்ல?"

வாசல் கேட்டைப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

மாத்திரையைத் தொடுவதில்லை என்று வள்ளிக்கண்ணு சபதம் போட்டாள். பெற்ற கையோடு நாற்று நட்டவள் அல்லவா! ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. வலி ஏறியது. ஒரு இருமல் வந்தது. தலையணையை அழுத்தியும் தையல் சுண்டி இழுத்தது. வீராப்பெல்லாம் அந்த ஒரு இருமலோடு சரி. அட்டையைக் கிழித்து விழுங்கினாள்.

வலி குறைந்தது.

முனகல்.

பின்னறையில் இருட்டு. காலைத் தரையில் தேய்க்கிற சத்தம். புளித்த பால் வாடை, டெட்டாலை மீறி. சுவரில் ஒரு கை. இன்னொரு கை அடிவயிற்றில். கூன் போட்டு நடந்து வந்தது. நைட்டியின் மார்பு நனைந்திருந்தது. கலைமதியின் முகம். உதடு வெடித்திருந்தது.

எழுந்து ஓட உடம்பில் தெம்பில்லை. வள்ளிக்கண்ணு அட்டையை நீட்டினாள். "எடுத்துக்கம்மா. எல்லாத்தையும் எடுத்துக்க." சொம்பை நீட்டினாள். தண்ணீர் தரையில் கொட்டியது. அது இரண்டையும் பார்க்கவே இல்லை. மெல்லக் கட்டிலில் ஏறியது. அவளை ஒட்டிப் படுத்தது. ஈரம். கனம்.

மாத்திரையின் தூக்கம் கண்ணை இழுத்தது. கத்த நாக்கு புரளவில்லை.

ஒரு குளிர்ந்த விரல் அவள் அடிவயிற்றைத் தடவியது. தையலின் ஓரத்தைக் கண்டுபிடித்தது. முதல் நூலை நெம்பி, நிதானமாக இழுத்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு நூலுக்கும் அது அவள் காதோரம் முனகியது.

வள்ளிக்கண்ணுவுக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை.